மூன்று செங்கல்

ஜன்னல் ஓரம் நீங்கள் உட்காருங்கள் ஐயா. எனக்கு வேண்டாம். காற்று எல்லாம் ஒத்துக்கொள்ளும், அதற்காக இல்லை. நீங்களே உட்காருங்கள்.

இந்தப் பை காலில் இடித்தால் சொல்லுங்கள், நகர்த்திக்கொள்கிறேன். கனமாகத்தான் இருக்கும். உள்ளே சிமெண்டுக் கட்டி. வியாபாரம் எல்லாம் இல்லை. ஒருவர் ஒரு இடத்தில் காட்டச் சொல்லிக் கொடுத்தார். கொண்டுபோனேன். இப்போது கொண்டுவருகிறேன்.

நான் புளியநத்தம் நகராட்சியில் வேலை பார்க்கிறேன். இன்ஜினியரிங் பிரிவு. நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் வேலையில் இல்லாத மாதிரி எழுதிவிட்டு மறுநாள் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளும் நான் ஆபீசுக்குப் போய்விடுவேன். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இன்னும் இந்த ஃபைலில் இருக்கிறது. இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை உண்டு. ஊர்க் கழிவு முழுக்க ஒரே ஒரு கிணற்றுக்கு வந்து சேரும். அங்கிருந்து மோட்டார் வைத்துத் தள்ள வேண்டும். ஊருக்கு வெளியே, இந்த ரோட்டிலேயே இருக்கிறது. பம்ப் ஹவுஸ் ஸ்டாப்பிங் என்று கண்டக்டர் கத்துவார் பாருங்கள், அதுதான். கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிணற்றுக்குள் குழாய் வந்து விழும் இடத்தில் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. துணி, பிளாஸ்டிக், தலைமுடி, தேங்காய் மட்டை, சொல்ல முடியாதது எல்லாம் அதில் வந்து சிக்கும். சிக்கினால் ஊரே அடைத்துக்கொள்ளும். அப்போது ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி வார வேண்டும். இறங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் அடைப்புக்குச் சட்டம் தெரியாதே.

அதை மாற்றத்தான் திட்டம் வந்தது. இரண்டு புது மோட்டார், குழாய் வாயில் ஒரு புதுத் தொட்டி, அதில் சங்கிலியில் ஓடும் இயந்திரச் சல்லடை. அதுவே வாரி அதுவே மேலே கொட்டும். 'இத்திட்டம் நிறைவடைந்தால் எந்த மனிதரும் கிணற்றுக்குள் இறங்கத் தேவை இருக்காது.' திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும் வாக்கியம் அது. நான்தான் டைப் அடித்தேன். அடித்துவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது.

அங்கே பம்ப் ஆபரேட்டர் மருதமுத்து அண்ணன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பதினாலு வருடமாக அவரும் ஒப்பந்தம்தான். நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் இந்தத் தடவை அவர் பேர் இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பட்டியல்ல பேரு வந்ததுலேர்ந்து என் பொண்டாட்டி என்னை வாங்க போங்கன்னு பேசுறா சார்" என்பார். ரொம்பப் பேசுவார். பேச்சில் பாதி பாம்புதான். மோட்டார் ரூமில் பாம்பு, சுவிட்சு போர்டில் பாம்பு, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பாம்பு. அவர் மகள் இந்த வருடம் காலேஜில் சேர்ந்தாள். முதல் பட்டதாரிக்கான விண்ணப்பத்தை நான்தான் என் கையால் எழுதிக் கொடுத்தேன். தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

நான் முதல் நாள் மட்டம் எடுக்கப் போனபோதுகூட அவர் பாம்பைப் பற்றித்தான் பேசினார். வாசல்படியில் அளவுகோலை நிறுத்திப் பிடிக்கச் சொன்னேன். "பாத்து சார், நம்ம கையால கட்டுன படி. அந்தப் பெரிய மழையில பாம்பு மிதந்துக்கிட்டே உள்ள வந்துச்சு, கட்டில்ல ஏறி நின்னேன். அதான் தண்ணி வடிஞ்சதும் மூணு செங்கல் வெச்சு ஏத்திட்டேன். இப்ப பாம்பு வந்தாலும் படியேறித்தான் வரணும்" என்றார். நான் கருவியில் கண்ணை வைத்திருந்தேன். ஆட்டாமல் பிடியுங்கள் அண்ணே என்றேன். சரி சார் என்று பிடித்தார்.

எதற்கு வாசல்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எந்தக் கட்டடத்துக்கும் ஒரு இடத்தை அசையாத புள்ளி என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லா ஆழமும் உயரமும் அதிலிருந்துதான். பழைய வரைபடத்தில் அந்தப் புள்ளி பம்ப் ஹவுஸ் வாசல்படி. படியிலிருந்து பத்தொன்பது அடி கீழே குழாயின் அடிப்பக்கம் என்று போட்டிருந்தது. புதுத் தொட்டியின் தரை அதே மட்டத்தில் அமைய வேண்டும். ஒரு அங்குலம் கீழே போனாலும் நல்லது, மேலே மட்டும் போகக்கூடாது.

குழாயையே நேரே அளந்திருக்கலாம். எங்கள் ஆபீசிலும் இதைக் கேட்டார்கள். குழாய் எப்போதும் சாக்கடைக்குள் முழுகிக் கிடக்கிறது. ஊரை நிறுத்தாமல் அதைப் பார்க்க முடியாது. முந்தின மேன்ஹோலைத் திறந்து பார்க்கலாம் என்றால் அதன் மேல் புதுத் தார் ரோடு போட்டு மூடிவிட்டார்கள். ரோட்டை வெட்ட அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் படியிலிருந்து மூன்று தடவை அளந்தேன் ஐயா. வேறு வேறு நாளில், வேறு வேறு ஆளைப் பிடிக்க வைத்து. மூன்று தடவையும் ஒரே அளவுதான் வந்தது. ஒரு நூல் பிசகில்லை. இன்றைக்கும் என் மட்டப் புத்தகத்தை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

வேலை எட்டு மாதம் நடந்தது. கடைசியில் பழைய குழாயைப் புதுத் தொட்டியோடு சேர்க்க நாலு மணி நேரம் கொடுத்தார்கள். மணல் மூட்டை அடுக்கி, இடுப்பளவு சாக்கடையில் நின்று, கண்ணால் பார்க்காமல் கையால் தடவித்தான் சேர்த்தார்கள். திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள். மருதமுத்து அண்ணன் சல்லடைக்குச் சந்தனம் வைத்தார், மாலை போட்டார். சேர்மன் பட்டனை அமுக்கினார். சங்கிலி ஓடியது. முதலில் ஒரு பழைய சேலையை இழுத்துக் கொண்டுவந்து மேலே போட்டது. எல்லாரும் கை தட்டினோம். "இனிமே இவந்தான்யா இறங்குவான், நாம மேல நின்னு வேடிக்கை பாக்கலாம்" என்று அண்ணன் சல்லடையைத் தட்டிக் கொடுத்தார்.

ஒன்பதாவது நாள் கன்னியம்மன் தெருவிலிருந்து வந்தார்கள். பள்ளமான தெரு அது. ஒரு அம்மா ஆபீஸ் வாசலில் நின்று, "நாங்க போறதெல்லாம் எங்ககிட்டயே திரும்பி வருது, இதுக்கு எதுக்குடா வாழைமரம் கட்டுனீங்க" என்று கேட்டார். லாரி வைத்துக் கிணற்றை உறிஞ்சி எடுத்து, முதல் தடவையாக உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். தொட்டியின் தரை குழாயின் அடியைவிட ஒன்பது அங்குலம் மேலே இருந்தது. குழாய்க்கு முன்னால் ஒரு சுவர் எழுப்பின மாதிரி. மணலும் துணியும் வந்து அந்த ஒன்பது அங்குலத்தில் மோதிக் கீழே தங்கிவிடுகிறது. சல்லடை அதற்கு மேலே, வேலை இல்லாமல் சுத்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காண்டிராக்ட் மேஸ்திரியைக் கேட்டேன். "சேக்கும்போதே காலுக்குத் தட்டுச்சு சார். நீங்கதான் மூணு தடவை அளந்தவராச்சே, படிச்சவரு கணக்கு வேறயா இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார்.

மூன்று நாள் என் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மா என்ன என்று கேட்டார். தரைக்கும் குழாய்க்கும் மட்டம் சேரவில்லை என்றேன். "சேத்துடுப்பா" என்றார். மூன்றாவது நாள் பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். அண்ணன் டீ வாங்கி வந்தார்.

"எம்புட்டு சார் வித்தியாசம்?"

"ஒன்பது அங்குலம் அண்ணே."

"ஒம்பதா? நம்ம படிதான் ஒம்பது அங்குலம்." சிரித்துக்கொண்டே டீயை ஆற்றினார்.

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் வரைபடத்தை அப்படியே போட்டேன். எழுந்து போய்ப் பார்த்தேன். படிக்கு மேல் போட்டிருந்த சாக்கை எடுத்தேன். மூலையில், ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறி எழுதியிருந்தது. ம.மு. அதற்குக் கீழே தேதி. எட்டு வருடத்துக்கு முந்தின தேதி. ஒவ்வொரு தடவையும் அந்தச் சாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் அளவுகோலை நிறுத்தியிருக்கிறேன். மூலை வரைக்கும் தள்ளவில்லை.

நான் மறைக்கவில்லை. ஒரு மணி நேரம்கூட மறைத்து வைக்கவில்லை. நேரே ஆபீசுக்குப் போய் ஏ.இ.யிடம் சொல்லிவிட்டேன். அசிஸ்டென்ட் இன்ஜினியர். சம்பந்தம் என்று பேர். நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படியை ஏத்துனது யாரு?"

"மருதமுத்து அண்ணன் சார்."

"பர்மிஷன் வாங்குனாரா?"

"இல்லை சார். ஆனா அது எட்டு வருஷம்..."

"தம்பி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எழுதித் தான்னு சொன்னா, என்ன கேட்டிருக்கோ அதை மட்டும் எழுது. ஒரு பொய்கூட எழுத வேணாம். உன்ன மாதிரி ஆளு பொய் எழுத மாட்டே, அது எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரு பொய்கூட எழுத வேண்டாம் என்று யார் சொல்வார்கள், சொல்லுங்கள்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எனக்கு மனப்பாடம். 'பம்ப் ஹவுஸ் வாசல்படி, பழைய வரைபடத்தில் உள்ள மட்டத்திலிருந்து ஒன்பது அங்குலம் உயர்த்தப்பட்டுள்ளது. இது பம்ப் ஆபரேட்டர் மருதமுத்து என்பவரால் அலுவலக அனுமதி இன்றிச் செய்யப்பட்டது. இது குறித்து எனக்கு எழுத்துமூலமாக எந்தத் தகவலும் தரப்படவில்லை.' ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பாருங்கள். எது பொய்? எழுத்துமூலமாகத் தரவில்லைதானே. வாய்மூலம் என்றால், அவர் பாம்பைப் பற்றிச் சொன்னார். மட்டத்தைப் பற்றியா சொன்னார்? படி என்று சொன்னார், செங்கல் என்று சொன்னார், எத்தனை என்றும் சொன்னார். ஆனால் அது பாம்புக் கதை ஐயா. தகவல் என்றால் தகவல் மாதிரி சொல்ல வேண்டாமா?

என்றைக்கு உயர்த்தினார் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. அதைக் கேட்கவில்லை.

என் கடிதத்துக்கு மேல் ஏ.இ. ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதில் 'பணி நடைபெறும் காலத்தில்' என்று மூன்று சொல் சேர்ந்திருந்தது. நான் எழுதவில்லை. என் பக்கத்தில் அது இல்லை. இரண்டு வாரத்தில் பட்டியலில் இருந்து அவர் பேரை எடுத்தார்கள். பிறகு ஆபரேட்டர் வேலையிலிருந்தும் எடுத்தார்கள். விசாரணை முடியும் வரைக்கும் என்றுதான் ஆர்டரில் இருந்தது.

தொட்டியை இடித்துக் கட்ட முடியாதா என்று கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். திட்டம் நிறைவு என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது. நிறைவானதைத் திருத்த வழி கிடையாது. அடுத்த திட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்து வருடம், பதினைந்து வருடம். அதுவரைக்கும் வாரம் ஒரு முறை குழாய் வாயில் தங்குவதை வாரியாக வேண்டும். சல்லடைக்கு எட்டாத இடம். ஆள்தான் இறங்க வேண்டும்.

யார் இறங்குவது? அதுதான் சொல்ல வருகிறேன். காண்டிராக்டர் ஒரு ஆளைப் பிடித்தார். அந்தக் கிணற்றை நன்றாகத் தெரிந்த ஆள், அப்போது வேலை இல்லாமல் இருந்த ஆள். மருதமுத்து அண்ணன்தான். ஒவ்வொரு புதன்கிழமையும்.

முதல் புதன்கிழமை நான் போய் நின்றேன். அடைப்பு எடுக்கும் லாரியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். அது நிற்கும், அவர் இறங்குவார். பதிவேட்டில் 'இயந்திரம் வரவழைக்கப்பட்டு அடைப்பு அகற்றப்பட்டது' என்று எழுத வேண்டும். கையெழுத்து என்னுடையது. இயந்திரம் வந்தது. அடைப்பும் அகன்றது. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு, "உங்க ஒம்பது அங்குலம் நல்லா கெட்டியாத்தான் இருக்கு சார்" என்றார். குத்திக் காட்டினாரா, வேடிக்கையா என்று தெரியவில்லை. அவர் முகம் பார்த்துக் கண்டுபிடிக்கிற நிலையிலா இருந்தது.

என் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. அதுதான் எனக்குப் புரியவில்லை. படியை இடிக்கச் சொல்லி ஆர்டர் வந்தபோது அவரே உளி வைத்து அந்த மூலையை மட்டும் உடையாமல் பெயர்த்து எடுத்தார். தேதி இருக்கிற மூலை. தன்னுடைய பழைய சட்டையில் சுற்றி வைத்திருந்தார். நேற்றுக் காலையில் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"விசாரணைக்கு உங்களைத்தானே கூப்பிட்டிருக்காங்க. இதக் காட்டுங்க சார். வேலை நடக்கும்போது நான் ஏத்தலன்னு தெரிஞ்சா போதும். பேரு பட்டியல்ல திரும்ப வராட்டியும் பரவாயில்ல, மோட்டார் ரூமுக்காவது அனுப்புவாங்க. கீழ எறங்கி எறங்கி நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு."

"சரி அண்ணே."

"நான் போயி நின்னா என்னை உள்ளயே விட மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. என் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன், தினகரன் சாரு ஒரு எழுத்துப் பொய் சொல்ல மாட்டாருன்னு."

தினகரன் நான்தான்.

இன்றைக்குக் காலையில் பதினோரு மணிக்கு மண்டல ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பைக்குள் கை விட்டுச் சட்டையின் முடிச்சை அவிழ்த்துத் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஏ.இ. பக்கத்து நாற்காலியில் இருந்தார். விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். உட்காருங்கள் என்று சொன்னார். என் மட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

படி உயர்த்தப்பட்டிருந்ததா? ஆம். உயர்த்தியவர் மருதமுத்துவா? ஆம். அனுமதி பெற்றாரா? இல்லை. உங்களுக்கு எழுத்துமூலம் தெரிவித்தாரா? இல்லை. இது உங்கள் கையெழுத்தா? ஆம். அவ்வளவுதான். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. எப்போது உயர்த்தினார் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எடுத்து மேஜை மேல் வைத்திருப்பேன். சத்தியமாக வைத்திருப்பேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில், "வேற எதாவது சொல்லணுமா?" என்றார்.

அதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். ஃபைல் நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டார். அது ஆளை அனுப்பி வைக்கச் சொல்வது. இல்லை சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வெளியே வந்ததும் ஏ.இ. என் தோளில் கை வைத்து, "அடுத்த மாசம் உன் பதினோரு மாசம் முடியுதுல்ல? அந்த ஒரு நாளு வெளி பெஞ்சில உக்காராதே. வீட்ல இரு. மறுநாள் வா, ஆர்டர் ரெடியா இருக்கும்" என்றார். நான் பெஞ்சில் உட்கார்வது அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. மனிதர் கவனித்திருக்கிறார்.

மருதமுத்து அண்ணனுக்குக் கெடுதல் செய்ய நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாம் கணக்கில் எடுத்தால் உலகத்தில் யார்தான் ஒழுங்கு? நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். பரவாயில்லை. கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதுவே போதும்.

தார் ரோடு மாறிவிட்டது பார்த்தீர்களா. பாலம் தாண்டினால் எங்கள் எல்லைதான். வாசனை வருகிறதா? எனக்கு வருவதில்லை, பழகிவிட்டது. அதோ அந்தத் தகரக் கூரை. அதுதான் பம்ப் ஹவுஸ். பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்து நிற்பதுதான் புதுச் சல்லடை. ஓடுகிறது பாருங்கள். எந்த நேரமும் ஓடும். அதில் ஒரு பழுதும் இல்லை.

ஸ்டாப்பிங்கில் சைக்கிளோடு ஒருவர் நிற்கிறாரே, வெள்ளைச் சட்டை. தலை ஈரமாக இருக்கிறது. இன்றைக்குப் புதன்கிழமை, இறங்கிவிட்டு வந்து குளித்திருப்பார். நாலு மணி பஸ்ஸில் வருவேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறார்.

இல்லை, நான் இங்கே இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஏறும்போதே எடுத்துவிட்டேன்.

ஐயா, ஒரு உதவி. கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பஸ் கிளம்புகிற வரைக்கும்தான்.